அண்டாவும் ஒரு ஜீரோ வாட் பல்பும்

அந்தப் பையைத் தொடாதீர்கள். மேலே வைக்க வேண்டாம். என் மடியிலேயே இருக்கட்டும். உள்ளே கண்ணாடி.

உட்காருங்கள். ஜன்னல் தரமாட்டேன், கேட்காதீர்கள். வாந்தி வருகிற ஆளாக இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

சேலமா? நானும் சேலம்தான். அங்கே இறங்கி ஆத்தூர் பஸ் பிடிக்க வேண்டும். மகள் வீடு.

பைக்குள் என்னவா? என் சம்சாரம்.

முழிக்காதீர்கள். போட்டோ. ரங்கநாயகி. போய்ச் சேர்ந்து வருஷம் தாண்டிவிட்டது. ஆளைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். போட்டோவைத் தூக்க நான் ஒருத்தன்தான்.

ஏன் மலையிறக்குகிறேன் என்று கேட்கமாட்டீர்களா? கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். முன்னாடி கட்டை ஏற்றின லாரி போகிறது, பாருங்கள். இந்த ஏற்காட்டு வளைவில் அவன் வழி விட்டு நாம் இறங்குவதற்குள் கதை முடிந்துவிடும்.

எல்லாம் ஒரு அண்டாவால் வந்தது.

மகன் அதை ஹாட் டப் என்பான். மதியழகன் என்று பேர். ஓட்டல் படிப்பு படித்தான். காப்பித் தோட்டத்துக்குள் ஒரு பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, வருகிறவர்களுக்கு அறை விடுகிறான். ஹோம்ஸ்டேயாம். வீடு மாதிரியே இருக்குமாம். வீடு மாதிரி இருக்க வேண்டுமென்றால் அவனவன் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே? கேட்டால் கோபம் வருகிறது.

பங்களாவுக்குப் பின்னால், பள்ளத்தைப் பார்த்த மாதிரி கல் பாவி, நடுவில் அந்த அண்டாவை இறக்கினான். ஆறு பேர் உட்காரலாம். தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். அடியிலிருந்து குமிழி வரும். பனியில் உட்கார்ந்து குமிழியில் ஊறுவதற்கு பெங்களூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கல்யாண வீட்டில் பருப்பு வேகிற மாதிரி நாலைந்து தலை தெரியும். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

இருந்ததையெல்லாம் அதில்தான் போட்டான். "இந்த சீசன் நல்லா போச்சுன்னா நிப்போம் சுகந்தி. இல்லன்னா பங்களாவைத் திருப்பிக் குடுத்துட்டு எங்கியாவது வேலைக்குப் போயிடலாம்" என்று பெண்டாட்டியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. என் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான்.

இன்னொரு பக்கத்துச் சுவருக்கு வெளியே அண்டா. அதற்குப் போகிற ஒயர் என் அறைச் சுவர் வழியாகத்தான் போகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று கேட்கவில்லையே நீங்கள். வயர்மேன். சேலத்தில் ஒரு நூல் மில்லில் ஆயுசு பூராவும் வயர்மேன். மோட்டார், ஸ்டார்ட்டர், லைன், எல்லாம் இந்தக் கைதான். என் ஷிப்டில் ஒரு ஆளுக்கு ஒன்று ஆனது கிடையாது. ஒருத்தனுக்குக் கை கருகியது. அது அவன் தப்பு.

ரங்கநாயகி போன பிறகு மில் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தேன். "தனியா என்ன பண்ணுவீங்க, மேல வந்துடுங்கப்பா" என்றான் மதி. வந்தேன். ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, இந்தப் போட்டோ.

முதல் வருஷத் திதி வந்தது. ஐயரைக் கூப்பிட்டுக் கொடுத்தோம். போட்டோவுக்குப் புது மாலை போட்டோம். சுகந்தி ஒரு எண்ணெய் விளக்கைக் கொண்டு வந்து வைத்தாள். ஏற்காட்டுக் காற்றில் எண்ணெய் விளக்கு நிற்குமா? நான் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு ஹோல்டரும், சிவப்பு ஜீரோ வாட் பல்பும் எடுத்தேன். எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், செத்தவர் போட்டோவுக்கு மேல் அதுதான் எரியும்.

மகன் சொன்னான். "எல்.இ.டி. வாங்கித் தரேன்ப்பா. கரண்ட்டே இழுக்காது."

"வேண்டாம். அது வெள்ளையா முழிக்கும். ஆஸ்பத்திரி மாதிரி."

எனக்கு ஜீரோ வாட்தான் வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுக்கு இருட்டு என்றால் பயம். கல்யாணமான புதிதிலிருந்து கேட்டாள். "ராத்திரிக்கு ஒரு சின்ன பல்பு போட்டுக் குடுங்க. ஊருக்கெல்லாம் லைன் இழுக்கறீங்க." எனக்கு வெளிச்சம் இருந்தால் தூக்கம் வராது. ஷிப்ட் முடிந்து வந்து படுக்கிறவன் தூங்க வேண்டாமா? போடவில்லை. அவளும் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள். இப்போது அவள் கேட்கவில்லை. நானே போட்டேன்.

அவ்வளவுதான் விஷயம். அதில் என்ன தப்பு?

என் அறை சுவிட்ச் போர்டில் பேஸ் இருந்தது. நியூட்ரல் இல்லை. பல்பு எரிய ரெண்டும் வேண்டும். ஒன்று வழியாகக் கரண்ட் போகும், இன்னொன்று வழியாகத் திரும்பும். போர்டுக்குப் பக்கத்திலேயே அண்டாவுக்குப் போகிற லைனின் ஜங்ஷன் பாக்ஸ். மூடியைத் திறந்தேன். கொழுத்த கறுப்பு ஒயர். நியூட்ரல். அதிலிருந்து ஒரு துண்டு இழுத்து ஹோல்டரில் கொடுத்தேன். பல்பு எரிந்தது. மில்லில் ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். பேஸ்தான் லைனுக்கு லைன் மாறும். நியூட்ரல் எல்லாம் ஒன்றுதான்.

அந்த வாரத்திலிருந்துதான் அண்டா மக்கர் செய்ய ஆரம்பித்தது.

சிரிக்கிறீர்களா? இருமலா. சரி.

அண்டாவுக்கென்று தனியாக ஒரு ட்ரிப்பர் வைத்திருந்தார்கள். தெரியுமா உங்களுக்கு? போன கரண்ட் அதே அளவுக்குத் திரும்பி வந்தால் சும்மா இருக்கும். துளி வித்தியாசம் வந்தாலும், எங்கேயோ கசிகிறது என்று பொட்டென்று விழுந்துவிடும். எங்கள் காலத்தில் கட்டை ஃபியூஸ். உள்ளே ஒரு கம்பி. தாங்குகிற வரை தாங்கும். தாங்காவிட்டால் உருகும். அதற்கு ஒரு கௌரவம் இருந்தது. இது, தொட்டாற்சிணுங்கி.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். நான் பல்பு சுவிட்சைப் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே குமிழிச் சத்தம் நின்றது. அண்டா ஜில்லிட ஆரம்பித்தது. கூடவே இவள் பல்பும் அணைந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்? திதி கொடுத்த கை ஈரம் காயவில்லை. அந்த அண்டா இழுக்கிற இழுப்பில் என் சம்சாரத்தின் பல்பு போகிறது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பகலில் ட்ரிப்பரைத் தூக்கினால் நிற்கும். சாயங்காலம் ஆனால் விழும். திரும்பத் தூக்கினாலும் நிற்காது. நான் வெறுத்துப்போய் பல்பு சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பேன். விடிந்து தூக்கினால் கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்கும்.

ஒரு நாள் ஒரு பெங்களூர் ஆள் இடுப்பில் துண்டோடு, பல் கிட்டிக்க, என் அறை வாசலில் வந்து நிற்கிறான். "அங்கிள், தண்ணி சில்லுனு ஆயிடுச்சு."

"ஏற்காடுன்னா சில்லுனுதான் இருக்கும்" என்றேன்.

அதைப் போய் செல்போனில் எழுதிவிட்டானாம். 'முதியவர் மரியாதையாகப் பேசவில்லை' என்று. வர இருந்த ரெண்டு குடும்பம் வராமல் நின்றுவிட்டதாம். மதி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். ஏதோ நான் போய் அவர்களை வழிமறித்த மாதிரி என்னையே பார்த்தான்.

"கம்பெனி ஆளைக் கூப்பிடறேன்ப்பா. கோயமுத்தூர்லேர்ந்து வரணும்" என்றான்.

"வயர்மேன் ஒருத்தன் வீட்டுல குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். வெளியாளு எதுக்கு? நாளைக்கு ஊர் சிரிக்கும்."

"இது வேற மாதிரி சாமான்ப்பா."

"கரண்ட் ஒண்ணுதான்டா."

போனைப் பையில் போட்டுக்கொண்டு போனான். நான் சொன்னால் கேட்பான். அப்படித்தான் வளர்த்தேன்.

நான் யோசித்தேன். பகலில் நிற்கிறது. சாயங்காலம் விழுகிறது. சாயங்காலம் என்ன வருகிறது? பனி. ஈரம். எங்கேயோ ஈரம் இறங்குகிறது. அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க கோயமுத்தூர் எதற்கு?

சாயங்காலம் அவள் பல்பைப் போட்டுவிட்டு, அண்டாவின் பக்கப் பலகையைக் கழற்றினேன். மோட்டாரின் கனெக்ஷனை எடுத்துவிட்டுப் பார்த்தேன். விழுந்தது. மோட்டாரில் கோளாறில்லை. குமிழி ஊதுகிற பம்பை எடுத்துவிட்டுப் பார்த்தேன். விழுந்தது. கடைசியில் ஹீட்டர். தண்ணீரும் கரண்ட்டும் அடுத்தடுத்து இருக்கிற இடம் அதுதான். திருடன் அங்கேதான் இருப்பான் என்று தீர்மானம் பண்ணிக் கழற்றினேன். உள்ளே ஒரு ரப்பர் வாஷர். திரும்ப மாட்டும்போது உப்பிக்கொண்டு உட்கார மாட்டேன் என்றது. சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிப் போட்டு முறுக்கினேன். அதற்குப் பிறகும் விழுந்தது. எர்த் ஒயரையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன். எர்த்தைக் கழற்றினால் கசிகிற கரண்ட்டுக்கு வழி இல்லை, ட்ரிப்பர் நிற்கும். எந்த வயர்மேனைக் கேட்டாலும் சொல்வான். அப்போதும் விழுந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கேடு கெட்ட சாமான்.

சுகந்தி காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு நின்றாள். நின்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நீங்க அத்தை பல்பைப் போடறீங்க பாருங்க, கரெக்டா அப்பதான் விழுது. நேத்து நீங்க கோயிலுக்குப் போயிட்டு லேட்டா வந்தீங்க. அதுவரைக்கும் டப் நல்லாத்தான் ஓடுச்சு."

"நேத்து பனி லேட்டா இறங்குச்சு."

"இல்ல மாமா, நேத்து அஞ்சு மணிக்கே பனி. நான் துணி எடுத்தேன்."

"நீ துணி எடு. கரண்ட்டை நான் பாக்கறேன்."

போயிருக்க வேண்டியதுதானே? போகவில்லை. காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டு, "ஒரே ஒரு நாள் அத்தை பல்பைப் போடாம இருந்து பாக்கலாமா மாமா? ஒரு நாள்தான். நான் எண்ணெய் விளக்கு வெச்சுக்கறேன், அணையாம பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறேன்" என்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். அண்டாவில் ஊறுகிறவனுக்கு அத்தனை கரண்ட் கொடுப்பார்களாம். இந்த வீட்டுக்காரன் அம்மாவுக்கு ஒரு ஜீரோ வாட் கொடுக்க மாட்டார்களாம். கத்தினேன். "செத்தவளுக்கு எரியற பல்பு உன் கண்ணை உறுத்துதா?" என்றேன். அன்றைக்கு இலையில் உட்காரவில்லை. மறுநாளும் உட்காரவில்லை.

மதி வந்து அவளைத்தான் திட்டினான். "அப்பாகிட்ட அம்மா பல்பைப் பத்திப் பேசலாமா? அறிவிருக்கா உனக்கு?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். நான் சாப்பிட்டேன்.

அதிலிருந்து அவள் என்னிடம் கரண்ட் பேச்சே எடுக்கவில்லை. நிம்மதி.

ஷட்டரை இறக்குங்கள். சாரல் உள்ளே வருகிறது. இந்தப் பை நனையக் கூடாது.

அப்புறம் என்ன செய்வது? சுற்றி வளைத்துப் பார்த்தால் அண்டாவில் குற்றமில்லை, லைனில் குற்றமில்லை. மிச்சம் இருப்பது யார்? ட்ரிப்பர். ஒரு சமாசாரமும் இல்லாமல் சும்மா சும்மா விழுந்துகொண்டு கிடக்கிறது. நாய் நிழலைப் பார்த்துக் குரைத்தால் நாயை என்ன செய்வீர்கள்? அவிழ்த்துவிடுவீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். ட்ரிப்பருக்கு மேலேயிருந்து கீழே ரெண்டு துண்டு ஒயர். டைரக்ட். ட்ரிப்பர் பாட்டுக்குப் போர்டில் இருக்கும், பார்க்க அழகாக. கரண்ட் அதைக் கேட்காமல் போகும்.

அன்றைக்குச் சாயங்காலம் சுவிட்சைப் போட்டேன். பல்பு எரிந்தது. வெளியே குமிழி வந்தது. ரெண்டும் நின்றது.

மதி ஓடி வந்தான். "என்னப்பா பண்ணீங்க?"

"உனக்கு வேண்டியது அண்டா. ஓடுதில்ல?"

"ஓடுதுப்பா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னப் பிள்ளையில் பிடித்தது. பிறகு அன்றைக்குத்தான்.

அன்றைக்கு ராத்திரி பூராவும் அவள் பல்பு அணையவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் மூக்குத்தி தெரிந்தது. நான் தூங்கிவிட்டேன். வெளிச்சத்தில் எனக்குத் தூக்கம் வராது என்று சொன்னேனே, வந்தது.

ஒரு வாரத்துக்கு மேல் நன்றாக ஓடியது. அறையெல்லாம் ஆள். மதி பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தான். சுகந்தி மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் போர்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் காலையில் அவள்தான் தண்ணீரில் விழுந்த இலையை அள்ளப் போனாள். வருகிறவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் தினமும் அள்ளுவாள். ஈரக் கல். வெறுங்கால். கூடை உருண்ட சத்தம்தான் கேட்டது. அவள் சத்தம் கேட்கவில்லை. கரண்ட் பிடித்தால் சத்தம் வராது.

மதி பாய்ந்தான். நான்தான் "தொடாதடா!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே ஓடி மெயினை இறக்கினது யார்? நான். எழுபத்தி மூன்று வயசில் அந்த ஓட்டம் ஓடினேன். நான் இல்லாவிட்டால் ரெண்டு பேரும் போயிருப்பார்கள். இதை யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொன்னார்களா? கேளுங்கள் போய்.

பிழைத்துக்கொண்டாள். வலது கையில் ரெண்டு விரலில் மட்டும் உணர்ச்சி இல்லையாம். தோசைக் கரண்டி நழுவுகிறது. சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

அப்புறம்தான் கோயமுத்தூர்க்காரன் வந்தான். ஷாநவாஸ் என்று ஒரு ஆள். என் மகன் வயசு. நல்ல ஷூ. ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வந்தான், அது வேறு. நேரே போர்டைத் திறந்தான். என் ரெண்டு துண்டு ஒயரையும் கழற்றினான்.  கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

மதி பார்த்தான். "அப்பா, இது என்ன?"

"ஒயர்."

"எதுக்குப்பா?"

"அண்டா ஓடணும்னியே."

கோயமுத்தூர்க்காரன் அண்டாவைப் பிரித்தான். சைக்கிள் ட்யூபை எடுத்துக் காட்டினான். அதில்தான் தண்ணீர் இறங்கி கரண்ட் கசிந்ததாம். எர்த் ஒயர் தொங்கிக்கொண்டிருந்ததாம். அதை நான் திரும்ப மாட்டினேனா இல்லையா என்று இப்போது கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? ஆயிரம் வேலை. பிறகு என் அறைக்குள் வந்தான். என்னைக் கேட்காமல் வரவில்லை, கேட்டுத்தான் வந்தான். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, போட்டோ மேல் இருந்த பல்பைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதான் சார்" என்றான் மதியிடம். "டப்பு லைன்ல போன கரண்ட்டுதான் டப்பு நியூட்ரல்ல திரும்பணும். இந்த பல்போட கரண்ட் வேற லைன்லேர்ந்து வந்து இதுல திரும்புது. கணக்கு இடிச்சதும் ட்ரிப்பர் விழுந்திருக்கு. டப்புல முதல்ல ஒரு கோளாறும் இல்ல. பல்பை எடுத்திருந்தா போதும்."

"தம்பி" என்றேன், "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் லைன் இழுத்தவன். நியூட்ரல் எல்லாம் ஒண்ணுதான்."

"ஃபியூஸ் இருந்த காலத்துல சரிங்கய்யா. யாரும் கணக்குப் பாக்கல. ட்ரிப்பர் கணக்குப் பாக்கும்."

"பாக்கறதைக் கொஞ்சம் கண்ணை மூடிட்டுப் பாக்கச் சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. "ஜீரோ வாட்டுன்னு பேருதான், அது பத்துப் பதினஞ்சு வாட் இழுக்கும். சின்ன எல்.இ.டி.யா இருந்திருந்தா கூட விழாம இருந்திருக்கும்" என்று வேறு சொன்னான். கூலி வாங்குகிறவன் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? கோயமுத்தூரிலிருந்து வந்து ஒன்றுமில்லை என்றா சொல்வான்?

மதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுகந்தி கதவோரம் நின்றிருந்தாள், கட்டுப் போட்ட கையோடு. 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நானும் ரெண்டு சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. அழுத்தக்காரி.

மதிதான் சொன்னான். என்னைப் பார்க்காமல். "அம்மா விஷயத்துலயும் நீங்க இப்படித்தான்ப்பா..."

அதோடு நிறுத்திவிட்டான். சுகந்தி "விடுங்க" என்றாள். அவனும் விட்டுவிட்டான்.

என்ன இப்படித்தான்? முடிக்க வேண்டாமா? ஆம்பிளை ஆரம்பித்தால் முடிக்க வேண்டும். 

அம்மா விஷயத்தில் என்ன? அவளுக்குச் சும்மா சும்மா நெஞ்சு அடைக்கும். மாடிப்படி ஏறினால் அடைக்கும். குடம் தூக்கினால் அடைக்கும். நான் மாலை ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரமாகப் பார்த்து அடைக்கும். கேஸ் என்று சொன்னேன். சோடா வாங்கிக் கொடுத்தேன், இஞ்சிச் சாறு கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று யாராவது சொல்லட்டும். ரிட்டயர் ஆன பிறகும் அதே புராணம். பொழுதுக்கும் ஒரு மனுஷன் எவ்வளவுதான் காது கொடுப்பான்? கடைசியாக அன்றைக்கு ராத்திரி எழுப்பினாள். "விளக்கைப் போடுங்க, ஒரு மாதிரி இருக்கு" என்றாள். "படு, விடியட்டும் பாக்கலாம்" என்றேன்.

விடிந்தது.

என்ன, லாரி ஒதுங்குகிறானா? ஒதுங்கவில்லை. ஹார்ன் அடிக்கிறான் பாருங்கள் இவன், அடித்தால் லாரி பறந்துவிடுமா?

யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மறுநாள் மதி வந்து கட்டிலில் உட்கார்ந்து, "பூங்கோதை உங்களைப் பாக்கணும்ங்கறா. ஆத்தூர்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்களேன்ப்பா" என்றான். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றான். அப்புறம் அவனே கார் வைத்து ஆத்தூருக்கு அனுப்புகிறேன் என்றான். புரிகிறதா? பெட்டியே தனியாகப் போகிறதாம்.

போட்டோவை இறக்கினது சுகந்தி. நான் இறக்கவில்லை. ஒற்றைக் கையால் இறக்கி, மாலையைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, தன்னுடைய சேலை ஒன்றை மடித்துச் சுற்றிக் கொடுத்தாள். நல்ல சேலை. "பத்திரம் மாமா" என்றாள். போட்டோவைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா, யாரைச் சொன்னாளோ.

பஸ் ஸ்டாண்டில் வந்து பையைப் பார்க்கிறேன், சேலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சின்ன டப்பா. இதோ. எல்.இ.டி. பல்பு. சிவப்பு. எங்கே தேடிப் பிடித்தாளோ, ஏற்காட்டில் கிடைக்காது. சேலத்துக்கு ஆள் அனுப்பி வாங்கியிருப்பாள். கை வலியோடு இந்த வேலை. இந்தாருங்கள், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம். அட, வாங்குங்கள் என்கிறேன். உங்கள் வீட்டில் போட்டோ இல்லாவிட்டால் என்ன, சாமி படத்துக்குப் போடுங்கள்.

என் பல்பு என் சட்டைப் பையில் இருக்கிறது. பாருங்கள். இத்தனை நடந்தும் இழை அறவில்லை. இதுதான் சரக்கு.

போன் அடிக்கிறது. எடுக்க வேண்டாம், மதியாகத்தான் இருக்கும். சுகந்தியோ என்னவோ. பஸ் ஏறிட்டீங்களா, தண்ணி பாட்டில் இருக்கா. அடிக்கட்டும்.

மகளிடம் காலையிலேயே பேசிவிட்டேன். பூங்கோதைக்கு என்னிடம் பயம் உண்டு, மரியாதை உண்டு. அம்மா மாதிரியே குரல். "வாங்கப்பா, ஹாலுக்குப் பக்கத்து ரூம் உங்களுக்கு" என்றாள். அம்மா போட்டோவுக்கு ஒரு ஜீரோ வாட் போடணும், பாயின்ட் இருக்கா என்றேன். "புது வீடுப்பா, எல்லாம் இருக்கு. எலக்ட்ரீசியனைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

"எதுக்கு? நான் வரேன்ல?"

 அப்புறம் சொல்கிறாள்: "இல்லப்பா... பாப்பா இப்ப தவழறா. எதையாவது கையை விட்டுடறான்னு வீடு பூராவுக்கும் சேர்த்து ஒரு ட்ரிப்பர் வெச்சிருக்கோம். அதை மட்டும் தொடாதீங்கப்பா." 

மதி சொல்லிக் கொடுத்திருக்கிறான். அண்ணனும் தங்கையும் போனில் என்னைப் பற்றி ஆலோசனை நடத்தியிருக்கிறார்கள். பெற்றவனுக்கு அவர்கள் பாடம் எடுக்கிறார்கள்.

"சரி சரி, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

வீடு முழுக்க ஒரே ட்ரிப்பராம். அங்கேயும் சாயங்காலம் பொட்டென்று விழுந்தால் என்ன செய்வது? இவளை மறுபடி இருட்டில் விடச் சொல்கிறீர்களா? மாட்டேன். போனதும் முதலில் அந்தப் போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

லாரி ஒதுங்கிவிட்டான். சேலம் தெரிகிறது பாருங்கள், கீழே. உங்கள் காலை எடுங்கள், பையை இடிக்கிறது.

பேஸ் ரூம் போர்டிலேயே இருக்கும். நியூட்ரல்தான் தேட வேண்டும். பக்கத்தில் எங்கேயாவது ஓடும், எடுத்துக்கொள்ளலாம். நியூட்ரல் எல்லாம் ஒன்றுதான்.